யாரும் அழியாத கிடங்கு

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை 8.40-க்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். 8.45-க்கு உலர்த்தும் அடுப்பைப் போட்டு அறுபது டிகிரியில் நிறுத்தினேன். 8.50-க்கு மூன்று சல்லடைகளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. 9.05-க்கு நுண்ணோக்கியின் துணி உறையைக் கழற்றி நான்காக மடித்து வைத்தேன். 9.10-க்குத் தேநீர், சர்க்கரை அரை. இவ்வளவும் டைரியில் அன்றைய பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வரி: "11.00 – என் மேல் விசாரணை."

குற்றச்சாட்டு ஒன்றுதான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, நெல் வயல்களுக்கு நடுவே எண்ணெய் தேடித் துளைத்த ஆழ்கிணறு ஒன்றிலிருந்து வந்த ஏழு மாதிரிகளில் இருந்திருக்க வேண்டிய பழங்காலக் கடலுயிர்களின் ஓடுகளை, நான் கழுவும்போது மருந்தில் அதிக நேரம் ஊறவிட்டுக் கரைத்துவிட்டேன் என்பது. நிரூபணமானால் நுண்ணோக்கிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியை விட்டு எழுந்து தபால் பிரிவுக்குப் போக வேண்டும். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த நாற்காலியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதைத் தவிர வேறு எதிலும் எனக்குத் திறமை இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு போன். ஐம்பத்தாறு வயதில் விருப்ப ஓய்வு பெற்று வந்துவிட்டேன். என் இடத்தில் இருக்கும் கவிதா போன மாதம் கூப்பிட்டார். "சார், புது மெஷின் வந்திருக்கு. தட்டை உள்ள வெச்சா அதுவே போட்டோ புடிச்சு, ஓடு எத்தனைன்னு அதுவே எண்ணிடுது. ஆனா காலித் தட்டு வெச்சா மட்டும் 'மாதிரியை வைக்கவும்'னு சொல்லிட்டு நின்னுடுது சார். மூணு தடவ வெச்சேன், மூணு தடவயும் திட்டுது. உங்க காலத்துல காலித் தட்டு வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் இரண்டு வரியில் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் பிறர் வயலில் நடவுக்குப் போகாத முதல் ஆள் நான். நிலவியல் பட்டம் படித்தேன், 1993-இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு மாதம் கழுவவும், மூன்றாம் மாதம் பார்க்கவும் கற்றுக்கொண்டேன்.

பார்ப்பது எதை என்று கவிதாவுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடலில் ஃபோராமினிஃபெரா என்று ஓர் உயிர் உண்டு. ஒற்றைச் செல்தான், ஆனால் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பில் அறை அறையாக வீடு கட்டிக்கொள்ளும். சில கசகசா அளவு, சில துவரம்பருப்பு அளவு. உயிர் போன பிறகு ஓடு சேற்றில் தங்கிக் கல்லாகிவிடும். எந்த ஆழத்தில் எந்த ஓடு இருக்கிறது என்று பார்த்தால், அந்தக் கல் படிந்தபோது அங்கே எந்த மாதிரிக் கடல் இருந்தது என்று சொல்லலாம். தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கீழே இப்படிப் பழைய கடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. இதை முதலில் என் அம்மாவிடம் சொன்னபோது, "அதான் போர் தண்ணி உப்புக் கரிக்குதா?" என்று கேட்டார்.

என் மேலதிகாரி தேவசகாயம் சார். லூத்தரன் சபைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே திரும்பத் துடைப்பார். ஓடுகளை அவர் ஓடு என்று சொல்ல மாட்டார், "நம்ம ஆளுங்க" என்பார். அலுவலகத்தில் வருகைப் பதிவேடு நிறைய மிஞ்சிக் கிடந்ததால், ஓடுகளுக்கும் அதையே பயன்படுத்தினார். பெயர் இருக்கும் பத்தியில் ஓட்டின் பெயர், தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் ஆழம். இருந்தால் டிக், இல்லாவிட்டால் ஒரு புள்ளி. மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்பார். நான் பெயர் சொல்வேன். அவர் டிக் போடுவார். இருபத்தாறு வருஷமும் இப்படித்தான்.

சேர்ந்த வருஷத்தில் ஒருநாள், ஆயிரம் மீட்டருக்கும் கீழிருந்து வந்த மாதிரியில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கண்டேன். படகு வடிவம், முதுகில் நுண்ணிய கட்டங்கள், நுனியில் ஒரு மூக்கு. இரண்டு நாள் செலவழித்துப் பென்சிலால் வரைந்தேன். தேவசகாயம் சார் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஒருமுறைதான். "நல்லா வரைஞ்சிருக்கீங்க ராஜேந்திரன். இவரு முந்தாநேத்து மில்லுலேர்ந்து வந்தவரு."

அது நெல் உமி. துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேற்றுநீர் பாறை வெடிப்பில் ஓடிவிடாமல் இருக்க, மூட்டை மூட்டையாக உமியைக் கொட்டி அடைப்பார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன், உமியை அடையாளம் தெரியாமல் இரண்டு நாள் வரைந்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான், எது எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகத் தெரியாமல் எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்து டைரி வைக்க ஆரம்பித்தேன்.

இனிக் கழுவும் முறை. பையில் வந்த கல்லை இரண்டு பாதியாக்குவோம். முதல் பாதி என்னுடையது. நானே கழுவி, நானே பார்ப்பேன். இரண்டாம் பாதி சரிபார்ப்புக்கு. அதைப் பின்பக்கக் கழுவும் அறையில் ஸ்டெல்லா அக்கா கழுவிக் காயவைத்து, உள்ளங்கை அகலக் கறுப்புத் தட்டில் போட்டுக் கிடங்கு எழுத்தர் கையில் கொடுத்துவிடுவார். யாராவது சந்தேகப்பட்டுக் கேட்கும்வரை கிடங்கில் அது பூட்டில் இருக்கும். ஒருவர் கை மற்றவர் தட்டில் படக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வேளாங்கண்ணிக்கு வருஷம் தவறாமல் நடந்து போகிறவர், கழுவும் கையில் அவருக்கு நிகர் கிடையாது.

கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஊறவைக்க வேண்டும். களிமண் உலை மாதிரி நுரைத்துப் பொங்கித் தளர்ந்துபோகும். நேரம் குறைந்தால் மண் விடாது; கூடினால் மருந்து ஓட்டையே தின்ன ஆரம்பிக்கும். எனக்கு நாற்பது நிமிடம், ஒரு நிமிடம் கூட்டியதில்லை. பிறகு சல்லடையில் ஊற்றிக் குழாயை நூல்போலத் திறந்துவிட வேண்டும். களிமண் போய்விடும், சல்லடையில் நிற்பதுதான் மாதிரி. ஒவ்வொன்று முடிந்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்க வேண்டும். முந்தைய மாதிரியின் ஓடு கண்ணியில் சிக்கியிருந்தால் அது நீலமாகிவிடும். அடுத்த தட்டில் நீலமாக யாராவது தெரிந்தால் வேறு வீட்டுக்காரர் என்று ஒதுக்கிவிடலாம்.

இப்போது அந்தக் கிணறு. ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் பாறையைப் பொடியாக எடுக்காமல் முழு உருளையாகவே அறுத்து மேலே கொண்டு வந்தார்கள். அதனால் மேலிருந்து எதுவும் உதிர்ந்து கலக்க வழியில்லை. மூன்று மீட்டருக்கு ஒரு துண்டு எனக்கு வந்தது. கீழே 963-ஆவது மீட்டரில் தட்டு நிறைய ஓடுகள். ஆழமில்லாத, வெளிச்சம் படும் இளஞ்சூட்டுக் கடலில் வாழ்ந்த கூட்டம். 960-இல் ஒன்றுமில்லை. களி முழுக்கக் கரைந்துபோய்ச் சல்லடையில் மணல் இரண்டொரு துளி நின்றது. 957, ஒன்றுமில்லை. இப்படி 942 வரை ஏழு தட்டுகள் காலி. 939-இல் மறுபடி ஓடுகள். ஆனால் பழைய ஆட்களில் ஒருவர்கூட இல்லை. வேறு குடும்பம், தட்டையாக, காசு மாதிரி.

மாலை பதிவேட்டில் ஏழு பத்திக்கும் புள்ளி வைத்துக்கொண்டே வந்த தேவசகாயம் சார் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். ஐந்தரைக் கோடி வருஷத்துக்கும் கொஞ்சம் முன்னால் பூமி திடீரென்று சூடானது. காற்றில் கரியமில வாயு கூடியது, கடல் வெந்தது, நீர் புளித்தது, மூச்சுக்காற்று குறைந்தது. ஆழ்கடல் தரையில் இருந்தவர்களில் பெரும்பகுதி போய்விட்டது. கரையோரத்தில் கதை இடத்துக்கு இடம் வேறு. சில இடத்தில் பவளத் திட்டுகள் ஒடுங்க, இந்தக் காசு வடிவக்காரர்கள் வந்து குடியேறினார்கள். சில இடத்தில் நடுவே வெறும் களி. "நம்ம கிணத்துல அதுவா இருக்கலாம். இல்ல, செத்தப்புறம் ஓடு கரைஞ்சும் போயிருக்கலாம். அவசரப்பட்டு எழுத வேணாம்" என்றார். அறிக்கையில் "இல்லை. காரணம் முடிவாகவில்லை" என்று எழுதினார். அன்று நான் வீட்டுக்கு மிதிவண்டியில் போகாமல் தள்ளிக்கொண்டே நடந்து போனேன். சந்தோஷமாக இருந்தது. ஏழு காலித் தட்டுகளுக்காக மனிதன் சந்தோஷப்படுவதை என் மனைவிக்கு விளக்க முடியவில்லை.

நான்கு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் சரிபார்ப்புக்காகக் கிடங்குத் தட்டுகளைக் கேட்டார்கள். அனுப்பினோம். பதில் வந்தது: ஏழு தட்டுகளிலும் ஓடுகள் இருக்கின்றன. 963-இல் இருந்த அதே ஆட்கள். ஒன்றும் நீலமாக இல்லை. எனவே சல்லடையில் ஒட்டி வந்தவையும் அல்ல. ஒரே கல், ஒரே பை. அக்கா கழுவியதில் இருக்கிறது, நான் கழுவியதில் இல்லை. கரைத்தவன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

நானும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். டைரியில் ஏழுக்கும் நாற்பது நிமிடம் என்று இருந்தது. டைரி தப்பா, கடிகாரம் தப்பா, நான் தப்பா என்று மூன்று வாரம் யோசித்தேன். கடிகாரத்தைக் கழற்றி ரயில் நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டும் பார்த்தேன்.

விசாரணை அதிகாரி வரதராஜன் பொருள் கிடங்குப் பிரிவிலிருந்து வந்தவர். இரும்புக் குழாய், வால்வு, போல்ட் இவற்றோடு வாழ்ந்தவர். ஓட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால்தான் அவரை அனுப்பியிருக்கிறார்களாம், பாரபட்சம் இருக்காது என்று. கேள்விகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"காணாமப் போன பொருள கடைசியா நீங்க எப்பப் பாத்தீங்க?"

"963-ஆவது மீட்டர்ல சார்."

"அதுக்கப்புறம் யாராவது பாத்திருக்காங்களா?"

"யாரும் பாத்திருக்க முடியாதுங்க சார். அப்ப மனுஷங்க கிடையாது."

"அப்ப பொறுப்புல யாரு இருந்தா?"

நான் தேவசகாயம் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், கடல் சூடானதுல அவங்க அழிஞ்சு போயிருக்கலாம்" என்றார்.

"அழிஞ்சதுக்கு ஆதாரம்?"

"இல்லாததுதான் சார் ஆதாரம்."

வரதராஜன் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படி நான் எங்க டிப்போவுல ஒத்துக்கிட்டா ஒரு வால்வு மிஞ்சாதுங்க."

பிறகு பதிவேட்டைக் கேட்டார். பார்த்ததும் முதல் தடவையாக முகம் தெளிந்தது. "இது நல்லா இருக்கு. இது புரியுது." 960-இலிருந்து புள்ளிகளை விரலால் தடவினார். "இருபத்து மூணு பேரு, ஒருத்தர் விடாம, ஒரே நேரத்துல. ஒருத்தராவது முன்னப்பின்ன போயிருக்க வேணாமா?" இது நல்ல கேள்வி என்பதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு முடிவு செய்தார். உருளைக் கல் பெட்டியில் மிச்சம் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் 951-இலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுத்துக் கழுவ வேண்டும். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க. யாரு கழுவினா பொருள் நிக்குதோ அவங்க கழுவட்டும்."

ஸ்டெல்லா அக்கா கூப்பிடப்பட்டார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, முன்புறக் கூடத்துத் தொட்டியில், எங்கள் எல்லோருக்கும் முன்னால், நான் மேலே சொன்ன முறையில் ஒன்றும் பிசகாமல் கழுவினார். ஊறவைத்தது நாற்பது நிமிடம், கடிகாரத்தைப் பார்க்காமலே. சல்லடை அடுப்புக்குள் போனது. காய இரண்டரை மணி நேரம். எல்லோரும் சாப்பிட்டோம். தட்டு நிறைந்து வந்தால் நாளையிலிருந்து தபால் முத்திரை.

3.40-க்கு அக்கா அடுப்பைத் திறந்தார். சல்லடையைக் கறுப்புத் தட்டில் தட்டினார். தட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி என் மேசைக்கு வந்து, சாட்சிக்காகக் கிடங்கிலிருந்து எடுத்து அங்கே வைத்திருந்த 963-ஆம் தட்டைத் திறந்து, தூரிகை நுனியில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் தட்டில் போட்டுப் பரப்பிவிட்டு, இரண்டு கையாலும் வரதராஜனிடம் நீட்டினார்.

"என்னம்மா இது?" என்றார் வரதராஜன்.

"தட்டு சார்."

"அந்தத் தட்டுலேர்ந்து எதுக்கு எடுத்துப் போட்டீங்க?"

"இதுல ஒண்ணும் நிக்கல சார். காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா காலியா குடுங்க!"

அக்கா அவரை, வளர்ப்புச் சரியில்லாத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெறும் தட்ட எப்படி சார் கையில குடுக்கறது? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தக்கூட வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோம், ரெண்டு மொளகாயாவது போட்டுத்தான் குடுப்போம். இது ஆபீஸு."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நாற்காலி தப்பித்தது. கடிகாரம் தப்பில்லை, டைரி தப்பில்லை. அடுத்த நொடி தேவசகாயம் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லாம்மா," என்றார் மெதுவாக, "இப்படி எத்தன நாளா?"

"நான் வந்ததுலேர்ந்து சார். பத்தொம்பது வருஷம். காலியா வந்தா மட்டுந்தான். நிறைஞ்சதுல கை வெச்சதில்ல."

தேவசகாயம் சார் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப பத்தொம்பது வருஷமா நம்ம கிடங்குல யாருமே அழியல." பிறகு, "உயிர்த்தெழுதல் ஒரு தடவதாம்மா நடந்துச்சு. நீங்க தெனமும் நடத்தியிருக்கீங்க" என்றார்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க," என்று அக்கா கலங்கிவிட்டார். "திருடலயே சார். யாருகிட்ட எடுத்தேனோ அந்த நம்பரத் தட்டுக்கு அடியில எழுதித்தான் வெச்சிருக்கேன். வாங்கினத மறக்கக் கூடாதுல்ல?"

தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்த ஏழு தட்டுகளையும் நான் கவிழ்த்தேன். அடியில், பென்சிலில், பொடி எழுத்தில்: 963. 963. 963. ஏழிலும் அதே எண். இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தத் தட்டுகளை ஒரு வாரம் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வரதராஜன் தன் தாள்களை அடுக்கினார். அக்காவின் தலை போகப் போகிறது என்று நினைத்தேன். நான் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டது இதற்குத்தானா என்று எழுந்துவிட்டேன். "சார், அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க, வேணும்னா என்னையே…" என்று ஆரம்பித்தேன்.

"இருங்க," என்றார். "உங்க விதிப் புத்தகத்தக் கொண்டாங்க."

பதினான்கு பக்கம். ஒவ்வொரு வரியாகப் படித்தார். தட்டு உலர்ந்திருக்க வேண்டும். தூசி கூடாது. எண் முன்புறம் தெளிவாக இருக்க வேண்டும். முடித்துவிட்டு நிமிர்ந்தார். "காலித் தட்ட காலியாவே ஒப்படைக்கணும்னு எங்கயும் இல்லையே?"

"அது எழுதணுமா சார்?" என்றார் தேவசகாயம் சார்.

"எழுதலேன்னா மீறல் இல்ல. வாங்கினதுக்கு ரசீதும் வெச்சிருக்காங்க. எங்க டிப்போவுல இப்படி ஒரு ஆளு இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்." எழுத ஆரம்பித்தார், சொல்லிக்கொண்டே. ஊழியர் ராஜேந்திரன் மேல் குற்றமில்லை. சம்பந்தப்பட்ட உயிர்கள் அவர் பணியில் சேருவதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தன. கிடங்கில் உள்ள எல்லாத் தட்டுகளையும் ராஜேந்திரன் சரி செய்ய வேண்டும். பென்சில் எழுத்தைப் படிக்கக்கூடியவர் ஒருவரே என்பதால், ஸ்டெல்லா மேரி அந்த வேலை முடியும்வரை உடன் இருந்தாக வேண்டும்.

"கிடங்குல மொத்தம் எத்தன தட்டு?" என்று கேட்டார்.

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அன்று முழுவதும் அவர் முகத்தில் உண்மையான வருத்தத்தை அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள், 13, புதன்கிழமை. 8.40-க்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். அடுப்பைப் போடவில்லை. நானும் அக்காவும் நேராகக் கிடங்குக்குப் போய், கடைசி வரிசையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தட்டிலிருந்து ஆரம்பித்தோம். அவர் முதல் வருஷம் கழுவியது. கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைப் படித்தார். அந்த எண்ணுள்ள தட்டைத் தேடி எடுத்தேன். சிட்டிகை ஓடுகளைத் தூரிகையால் கூட்டி, ஒன்றுகூடச் சிந்தாமல் அவர்களுடைய இடத்தில் சேர்த்தார். கையில் மிஞ்சியது காலித் தட்டு. வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

தரவில்லை.

"கையில குடுக்க மாட்டேன் தம்பி," என்றார். "இங்க வெக்கறேன். நீங்களா எடுத்துக்குங்க."

மேசை மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நான் எடுத்துக்கொண்டேன்.